ஒரு முட்டைக்கு எத்தனை முதலாளி?

உங்கள் ஆபீஸில் உங்களுக்கு எத்தனை பாஸ்?

ஒரே ஒருவர்தான் என்றால் போன ஜென்மத்துப் புண்ணியம். இரண்டு பேர் என்றால் பரவாயில்லை. ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் லேசாகப் போட்டுக்கொடுத்தே காலத்தை ஓட்டிவிடலாம். மூன்றைத் தாண்டினால்தான் வம்பு. 'அதை ஏன் இன்னும் அனுப்பலை?' என்பார் ஒருவர். 'என்னைக் கேட்காம யாருய்யா அனுப்பச் சொன்னது?' என்பார் அடுத்தவர். மூன்றாமவர் ஒன்றுமே சொல்ல மாட்டார். மெமோ மட்டும் வரும்.

இப்போது ஓர் அவித்த முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. மதியம் பன்னிரண்டரை. வரிசையாகத் தட்டு. தட்டில் சாதம், சாதத்தின் மேல் நம் முட்டை. அந்த முட்டைக்கு எத்தனை பாஸ் என்று விரல் விட்டு எண்ணலாமா?

திட்டம், சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையுடையது. மாவட்டத்தில் கலெக்டர், அவருக்குக் கீழே சத்துணவுக்கென்றே ஒரு நேர்முக உதவியாளர். ஒன்றியத்தில் பி.டி.ஓ. முட்டைக்கு அடியில் இருக்கும் அரிசி, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து வந்தது. முட்டையைச் சாப்பிடப்போகிற வாய் மட்டும் பள்ளிக் கல்வித் துறைக்குச் சொந்தம்! ஹெட்மாஸ்டர் ஒரு துறை, சமைத்துப் போடுகிற அம்மா இன்னொரு துறை. டெல்லியில் இந்த மதிய உணவுக்கு 2021-ல் வைத்த பெயர் பி.எம். போஷண், அதைப் பார்ப்பது கல்வி அமைச்சகம்.

அதே பிள்ளை காலையில் அங்கேயே பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டதே, அது? அது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. பணம் மாநில அரசுடையது. கரண்டி பிடிப்பது மகளிர் சுய உதவிக் குழு. ஒரே பள்ளி, ஒரே பிள்ளை, ஒரே வயிறு. காலையில் ஒரு கணக்கு, மதியம் ஒரு கணக்கு.

இன்னும் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேருவதற்கு முந்தின வருஷம் அந்தப் பிள்ளை அங்கன்வாடியில் (நம்ம ஊர் பாஷையில் பால்வாடியில்) முட்டை சாப்பிட்டது. அந்த முட்டைக்கு ஐ.சி.டி.எஸ். பாஸ், டெல்லியில் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம். ஆக, பால்வாடியிலிருந்து பிள்ளை தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனால் டெல்லியில் அமைச்சகமே மாறிவிடுகிறது. நமக்காவது டிரான்ஸ்ஃபர் ஆர்டரைக் கையில் கொடுப்பார்கள்!

நான் குறை சொல்ல வரவில்லை. இத்தனை பேர் சேர்ந்துதான் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஐந்து நாளும் முட்டை கிடைக்கிறது. முட்டையா, வேண்டாமா என்று இன்னும் பட்டிமன்றம் நடத்துகிற மாநிலங்களைப் பார்த்தால் நாம் எவ்வளவோ தேவலை. என் கேள்வி வேறு. இத்தனை முதலாளிகளில் தட்டைப் பார்ப்பவர் யார்? வவுச்சரைப் பார்ப்பவர் யார்? இந்த நிர்வாகத்தை மாற்றி அமைக்கிறோம் என்று கிளம்பினால், எந்தக் கண்ணைக் கூட்ட வேண்டும்?

இந்தக் கேள்விக்குத் தாமிரபரணிக் கரையிலேயே நூறு வருஷத்துப் பழைய பதில் ஒன்று கிடக்கிறது.

1925: இரண்டு கண்கள்

முதலில் சென்னைக்குப் போய்விட்டு வருவோம். 1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதிய உணவு போட ஆரம்பித்தது. நீதிக் கட்சியின் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலம். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் போயிற்று. பிள்ளைகளும் கூடினார்கள். அப்புறம் என்ன ஆச்சு? 'தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுச் செலவா? அனுமதிக்க முடியாது' என்றது வெள்ளைக்கார அரசு. 1925 ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து அந்தப் பணம் நின்றது. நாம் ஆபீஸில் சொல்வோமே, 'ராங் ஹெட் ஆஃப் அக்கவுண்ட்' என்று, அதேதான்! தலைப்பு தப்பு, ஆகவே சோறு கட்.

அதே சமயம் இங்கே சேரன்மகாதேவியில் வேறொரு கதை. வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் அங்கே நடந்துகொண்டிருந்தது. தேசியக் கல்வி கொடுக்கும் இடம் என்று நம்பி ஊரெல்லாம் நன்கொடை கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, முதல் தவணையாக ஐயாயிரம் கொடுத்தது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிப் பந்தி, மற்றவர்களுக்கு வேறு பந்தி. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், அன்றைக்குக் காங்கிரஸ்காரராக இருந்த பெரியாரும் விடவில்லை. பொதுப் பணம் வாங்குகிற இடத்தில் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கலாமா என்று கேட்டார்கள். மீதி ஐயாயிரம் போகவில்லை. சண்டை தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கொந்தளிப்பு அடங்குவதற்குள், 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயரும் போய்ச் சேர்ந்தார்.

பாருங்கள், இரண்டுமே மேற்பார்வைதான். இரண்டிலுமே பணம் நின்றது. ஆனால் சென்னையில் வவுச்சரைப் பார்த்த கண், பிள்ளையின் வயிற்றைப் பார்க்கவில்லை. சேரன்மகாதேவியைப் பார்த்த கண்ணோ நேராகப் பந்தியைப் பார்த்தது. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், ஏன்?

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிர்வாக மாற்றத்தையும் இந்த இரண்டு கண்ணால் அளந்து பார்க்கலாம்.

ஊர் கொடுத்த நாற்பது

அதே சேரன்மகாதேவிப் பக்கம்தான், ரயில்வே கேட் மூடியிருந்த நேரத்தில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் காமராஜர் பேச்சுக் கொடுத்ததாகச் சொல்வார்கள். 'ஏம்பா பள்ளிக்கூடம் போகலை?' 'போனா சோறு யாரு போடுவா?' கதையோ நிஜமோ, அதில் இருக்கும் கணக்கு நிஜம். 1956-ல் எட்டயபுரத்தில் (அப்போது அது நெல்லை ஜில்லா) மதிய உணவைக் காமராஜர் தொடங்கி வைத்தார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார். நெல்லாக, விறகாக, காய்கறியாக ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். 1957 நவம்பரிலிருந்து அரசும் பங்கு போட்டது. நூற்றுக்கு அறுபது அரசு, நாற்பது ஊர்.

இன்றைக்கும் மதிய உணவின் சமையல் செலவு அறுபது - நாற்பதுதான்! ஆனால் இப்போது அறுபது டெல்லி, நாற்பது மாநிலம். முட்டை மாதிரி நாமாகச் சேர்த்துக்கொண்டதற்கெல்லாம் மாநிலமே செலவழிக்கிறது. இடையில் யார் காணாமல் போனார்கள் என்று கவனித்தீர்களா? ஊர்!

தப்பில்லை. பஞ்ச காலத்திலும் பிள்ளைக்குச் சோறு நிச்சயம் என்றால் அதை அரசாங்கம்தான் செய்ய முடியும். 1982 ஜூலை 1-ல் திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, 'பிச்சை எடுத்துப் போடும் சோறு' என்ற நிலை மாறி, 'பட்ஜெட்டில் உள்ள சோறு' ஆனது. சமையலர், உதவியாளர், அமைப்பாளர் என்று ஆட்கள், கூடவே ரிஜிஸ்டர்கள்! 1984-ல் பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் வந்தது. பணம் உறுதியானது. ஆனால் நாற்பது கொடுத்தபோது 'நான் கொடுத்த நெல்லு, எப்படிப் பொங்குறாங்கன்னு பாத்துட்டு வாரேன்' என்று எட்டிப்பார்த்த ஊர்க்காரர், 'அது கவர்மெண்ட்டு சோறு' என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

ஊர்க் கண் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது சார். ஊர்க் கண் சில சமயம் கோணல் கண். 2023 செப்டம்பரில் அதே எட்டயபுரத்துப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில், பட்டியல் சமூகத்துப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் விட்டார்கள் என்று செய்தி வந்தது. எம்.பி. கனிமொழி, அமைச்சர் கீதா ஜீவன், கலெக்டர் எல்லோரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சேரன்மகாதேவிக்குப் பிறகு தொண்ணூற்றெட்டு வருஷம். கேள்வி அதே பந்திதான். அன்றைக்கு வவுச்சரை எத்தனை முறை புரட்டினாலும் ஒரு தப்பும் தெரிந்திருக்காது. அரிசி சரி, ரவை சரி, கையெழுத்து சரி. தட்டு மட்டும் காலி.

தராசு பார்த்த காலம்

பந்தியில் வந்து உட்காரவே முடியாத பிள்ளைகளும் உண்டு. ஆறு மாசக் குழந்தை எப்படித் தட்டைத் தூக்கிக்கொண்டு வரும்? முக்கூடல் பக்கம் போய்ப் பாருங்கள். மடியில் பீடித் தட்டு, கையில் கத்தரிக்கோல், பக்கத்தில் தவழும் பிள்ளை. ஆயிரம் பீடி முடிக்கிற வரை அந்த அம்மாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. வளர்ச்சி குன்றுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்று வயசுக்குள்தான்.

இவர்களைத் தேடித்தான் 1980-ல் உலக வங்கி உதவியோடு 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' வந்தது. முதலில் எடுத்த ஆறு மாவட்டங்களில் நெல்லையும் ஒன்று. அதன் சூத்திரம் ரொம்ப எளிது. ஆறு மாசத்திலிருந்து முப்பத்தாறு மாசம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் தராசில் போடு. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்து உருண்டை கொடு, ஏறியதும் நிறுத்து, தாய்க்கு விளக்கிச் சொல். பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற கணக்கில் ஆள் போட்டார்கள். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின.

வவுச்சர், பந்தி இரண்டோடு மூன்றாவதாக ஒரு சாட்சி கிடைத்தது: தராசு. பணம் போய்ச் சேர்ந்ததா என்பதற்குப் பிள்ளையின் உடம்பே ரசீது!

ஆனால் 1982-ல் சத்துணவுத் திட்டம் இரண்டு வயசுப் பிள்ளைகளுக்கும் மையங்களைத் திறந்தபோது, ஒரே ஊரில் அண்ணனுக்கு ஒரு மையம், தங்கைக்கு ஒரு மையம், இரண்டு ரிப்போர்ட், இரண்டு பாஸ் என்றானது. 1990-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் இரண்டையும் நெருக்கிக் கொண்டுவந்தார்கள். 1997-ல் அந்தத் திட்டம் முடிந்தபின், மையங்கள் ஐ.சி.டி.எஸ். குடைக்குள் போயின. இன்று அங்கன்வாடிப் பணியாளர் செல்போனில் போஷண் டிராக்கர் பார்க்கிறார். எடை அதில் ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டு, 'இந்தப் பிள்ளை ஏன் ரெண்டு மாசமா அப்படியே நிக்குது?' என்று வீட்டுக்கு நடந்து போகிறவர் இருக்கிறாரா என்பதுதான் விஷயம். செல்போன் நடக்காது.

ஃபைலின் முகவரியும் சும்மா இருக்கவில்லை. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது எட்டயபுரம் அங்கே போனது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தபோது கடையம் பிள்ளைகள் தென்காசிக் கணக்குக்குப் போனார்கள். பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் ஃபைல் மட்டும் ஊர் ஊராகப் போகிறது.

'முழுசா எந்த ஆபீசுல இருக்கான்?'

நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். மத்தியானம் டீ குடிக்கிற கடையில், 'தம்பி, ஒரு பாரம் எழுதித் தாரியளா?' என்று யாராவது வருவது சகஜம். போன வருஷம் ஒரு பாட்டி வந்தாள். கையில் பேரன், ஏழெட்டு வயசு இருக்கும். பையனுக்கு அப்பா இல்லை; அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாசாமாசம் உதவித்தொகை உண்டாம், யாரோ சொன்னார்களாம்.

உண்மைதான். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் மாதம் நாலாயிரம் ரூபாய் உதவி உண்டு. மாநில அரசின் அன்புக் கரங்கள், 2025 செப்டம்பரில் வந்தது, மாதம் இரண்டாயிரம். இவற்றைப் பார்ப்பது இன்னொரு துறை. சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்ததை இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

பாரத்தை எழுதிக்கொண்டே எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று சொன்னேன். பாட்டி ஏற்கெனவே மூன்று இடம் அலைந்திருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். 'இது எங்ககிட்ட இல்லம்மா' என்று அடுத்த வாசலைக் காட்டியிருக்கிறார்கள். பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எய்யா, இவனுக்குச் சோறு போடுத ஆபீசு ஒண்ணுங்காவ. புத்தகம் குடுக்க ஆபீசு வேறங்காவ. ரூவா குடுக்க ஆபீசு இன்னொண்ணாம். இவன் முழுசா எந்த ஆபீசுல இருக்கான்?"

டீ ஆறிவிட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை.

தினமும் காலையிலும் மதியத்திலும் அரசாங்கச் சோற்றைச் சாப்பிடுகிற பையன் அவன். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும். சமைக்கிற அம்மாவுக்குத் தெரியும். பால்வாடி டீச்சருக்கு மூன்று வயசிலிருந்தே தெரியும். உதவித்தொகை கொடுக்கிற மேஜைக்கு மட்டும் தெரியாது. அந்த மேஜைக்கு விஷயத்தைச் சுமந்து போகிற வேலை, எழுபது வயசுப் பாட்டிக்கு!

என்ன செய்யலாம்?

'எல்லாத் துறையையும் ஒன்றாக்கி ஒரே டைரக்டரேட் போடு' என்று சொல்வது சுலபம். ஒரு போர்டை இறக்கி இன்னொரு போர்டை மாட்டுவார்கள். இரண்டு வருஷம் சீனியாரிட்டிக் கேஸ் நடக்கும். முட்டை அதே முட்டைதான். எனக்குத் தோன்றுவது மூன்று.

ஒன்று: பணம் எத்தனை குழாயில் வேண்டுமானாலும் வரட்டும். ஒன்றியத்துக்கு ஒரே ஒருவர், பிறப்பிலிருந்து பதினெட்டு வயசு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். பால்வாடியிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போது பிள்ளையின் எடைக் கணக்கும் வீட்டு நிலவரமும் கூடவே போக வேண்டும். பாட்டி சுமக்கக் கூடாது.

இரண்டு: வருகிற பணமும் பொருளும் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இன்று எத்தனை பிள்ளைகள், எத்தனை முட்டை, எவ்வளவு அரிசி. படிக்கத் தெரிந்த பையன்தான் நல்ல ஆடிட்டர். அவனுக்கு முட்டை வந்ததா இல்லையா என்று அவனை விட யாருக்குத் தெரியும்?

மூன்று: பந்தியைப் பார்க்கிற கண்ணுக்கு அதிகாரம் வேண்டும். பிரேசில் நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு. அங்கே ஒவ்வொரு நகராட்சியிலும் பள்ளி உணவுக் குழு ஒன்று கட்டாயம். பெற்றோர், ஆசிரியர், பொது அமைப்புகளின் ஆட்கள் அதில் இருப்பார்கள். குழு ஒழுங்காக இயங்கவில்லை என்றால் மத்திய அரசின் சாப்பாட்டுப் பணத்தையே நிறுத்தி வைக்க முடியும். அதாவது, வவுச்சர் கண் பந்திக் கண்ணிடம் கையெழுத்து வாங்க வேண்டும்!

நம்மிடம் அதற்கு ஆள் இல்லையா? இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிற பள்ளி மேலாண்மைக் குழு. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் பெற்றோர். 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சமூகத் தணிக்கை என்று ஒன்றைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2024-ல் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

முன்னாள் மாணவர் என்றால் யார்? நீங்கள்தான் சார்! பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, தட்டைக் கழுவி டிரவுசரில் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மற்றவர்கள் பில்லில் தப்புக் கண்டுபிடிக்கிற நீங்கள். அக்கவுண்ட்ஸ் தெரியும், ரிஜிஸ்டர் படிக்கத் தெரியும், 'டோட்டல் உதைக்குதே' என்று மோப்பம் பிடிக்கத் தெரியும். சமைக்கிற அம்மாவை மிரட்டப் போக வேண்டாம். அவர் குறைந்த சம்பளத்தில் கூடுதல் வேலை பார்க்கிறவர். ஒரு நாள் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பன்னிரண்டரைக்குப் போய், ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, பந்தியின் கடைசியில் பிள்ளைகளோடு உட்காருங்கள். சுவரில் என்ன எழுதியிருக்கிறது, தட்டில் என்ன இருக்கிறது, எந்தப் பிள்ளை தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

இதற்கு ஒரு நாள் சி.எல். போட வேண்டியிருக்கும். மேனேஜர் முறைப்பார். 'காரணம்' என்ற இடத்தில் தலைவலி, வயிற்றுவலி, தூரத்துச் சொந்தம் காலமானார் என்றெல்லாம் எழுதாதீர்கள். 'சத்துணவு சாப்பிடப் போகிறேன்' என்றே எழுதிக் கொடுங்கள்.

முப்பது வருஷ சர்வீஸில் அவர் படித்த முதல் நிஜமான லீவ் லெட்டர் அதுவாகத்தான் இருக்கும்!